மணியின் முதுகு மேடு

மணியின் முதுகில் விரலை வைத்து நகர்த்தினால் ஓட்டின் ஒவ்வொரு கட்டமும் குட்டிக் கோபுரம் மாதிரி தட்டுப்படும். பவுனின் முதுகோ கவிழ்த்து வைத்த கிண்ணம், வழவழவென்று இருக்கும். இரண்டும் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சுல்கட்டா என்ற தரை ஆமைகள்தான். மணி 2017இல் வந்தது, பவுன் 2021இல். இங்கே அரிசோனாவில், சாண்ட்லரில் இருக்கும் நண்பர் அடுத்த வாரம் ஒரு குஞ்சு வாங்கப்போகிறார். மேடு வராமல் குஞ்சை வளர்ப்பது பற்றி அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

மணியை விற்றவர், "பாலைவனத்து ஆமை, ஈரமே ஆகாது, சளி பிடித்துவிடும்" என்றார். நம்பினேன். திறந்த தொட்டி, அடியில் காய்ந்த வைக்கோல், மேலே நாள் முழுக்க எரியும் விளக்கு. ஃபீனிக்ஸ் பக்கம் காற்றில் ஈரம் என்பதே அபூர்வம். அதிலும் ஏசி ஓடும் அறை. ஆறே மாதத்தில் கட்டங்கள் எழும்ப ஆரம்பித்துவிட்டன.

தீனியில் புரதம் அதிகமானதால்தான் மேடு என்றார்கள் சிலர். தீனியைக் குறைத்தேன். பசியில் அது தொட்டி மூலையை நகத்தால் பிறாண்டிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. மேடு மட்டும் ஏறிக்கொண்டேதான் போனது.

அப்புறம்தான் 2003இல் வியன்னாவிலிருந்து வந்த ஆய்வு கண்ணில் பட்டது. வீஸ்னர், ஈபன் என்ற இருவர் செய்தது. சுல்கட்டாக் குஞ்சுகளை 5 மாதம் வெவ்வேறு ஈரப்பதத்தில், வெவ்வேறு புரத அளவில் வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். காய்ந்த காற்றில் வளர்ந்தவற்றுக்குத்தான் மேடு அதிகம். புரதத்தின் பங்கு சொற்பம். மணிக்குத் தேவைப்பட்டது தண்ணீர். நான் பிடுங்கியது சாப்பாட்டை. சுல்கட்டாவின் சொந்த ஊரான சாஹேல், அதாவது சஹாராவுக்குத் தெற்கே உள்ள பகுதி, வறண்ட பூமிதான், ஆனால் அது வெயில் நேரத்தை வளைக்குள் கழிக்கிற பிராணி. வெளிக்காற்று எவ்வளவு காய்ந்தாலும் வளைமண்ணில் ஈரம் இருக்கும்.

பவுன் எலுமிச்சம்பழ அளவில் வந்தது. மேலே மூடி போட்ட பெட்டி, அடியில் தேங்காய் நார்த்தூளும் ஆர்க்கிட் செடிக்குப் போடும் மரப்பட்டையும். மூலைகளில் தண்ணீர் ஊற்றி, ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டேன். ராத்திரியிலும் சூடு 80 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 27 செல்சியஸ், குறையக்கூடாது. ஈரத்தோடு குளிர் சேர்ந்தால்தான் சளி. விற்றவர் சொன்னதில் பாதி உண்மை அதுதான். ராத்திரிச் சூட்டுக்கு வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர் போதும். தினமும் காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில், தாடை முங்காத ஆழத்தில், இருபது நிமிஷம் உட்காரவைப்பேன். இதை ஒருநாளும் விட்டதில்லை.

தீனி வயிறு நிறைய: புல், செம்பருத்தி இலையும் பூவும், மல்பெரி இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி. பழம் வேண்டாம். புற ஊதாக் கதிர் தரும் யூ.வி.பி. குழல்விளக்கும் கால்சியமும் கட்டாயம், ஆனால் அது வேறு கணக்கு. அவை குறைந்தால் ஓடு மெத்தென்று ஆகிவிடும். வளர்ந்த குட்டியின் ஓடு விரலுக்கு அமுங்கினால் உடனே ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவரிடம் ஓடுங்கள்.

குட்டி வளரும்போது கட்டங்களுக்கு நடுவே வெள்ளை நூல் மாதிரி ஒரு கோடு தெரியும். அதுதான் புது வளர்ச்சி. அது சமமாகப் படர்ந்தால் நல்லது. வாய்க்கால் மாதிரி உள்ளே இறங்கினால், பெட்டியில் ஈரம் போதவில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன்.

எழுந்த மேடு இறங்காது. மணிக்கு இப்போது விடும் வளர்ச்சி வளையங்கள் மட்டும் ஓரத்தில் கொஞ்சம் சமமாக வருகின்றன.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒன்று: நட்சத்திர ஆமைக்கு இயற்கையிலேயே கொஞ்சம் மேடு உண்டு, அதைக் குறை என்று நினைக்காதீர்கள். அதை வீட்டில் வளர்ப்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். காட்டிலேயே இருக்கட்டும்.

நண்பரின் குஞ்சுக்குப் பெட்டியை இப்போதே தயார் செய்து, எங்கள் வீட்டில் சோதனைக்காக ஓடவிட்டிருக்கிறேன். நேற்று ராத்திரி ஈரப்பதம் 83 காட்டியது.