காரின் மூக்கில் ஒரு கேமரா

எங்கள் வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போக சானல் கரையை, அதாவது பாசனக் கால்வாயின் கரையை விட்டால் வேறு வழி கிடையாது. வலப்பக்கம் வரிசையாக வீட்டு மதில்கள், இடப்பக்கம் சானல், நடுவில் ஒரு கார் மட்டும் போகிற அளவுக்குத் தார். ஜூனில் குமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை அணையைத் திறந்துவிட்டால் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகமும் கரையேறும் வரை தண்ணீர் ஓடும், தடுப்புச் சுவர் என்று ஒன்றும் இல்லை. போதாக்குறைக்கு, கரை மெயின் ரோட்டில் முட்டுகிற இடத்தில் இரண்டு பக்கமும் ஆளுயர மதில். ஸ்டியரிங் முன்னால் இருக்கிற என் கண்ணுக்கும் காரின் மூக்குக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டு மீட்டர், அதனால் ரோட்டில் என்ன வருகிறது என்று நான் எட்டிப் பார்ப்பதற்குள் பானெட் ரோட்டுக்குள் நிற்கும்.

பழைய டீசல் கார் இருந்தவரை இது பெரிய விஷயமாகத் தெரியவில்லை, அது வருகிற சத்தத்தில் கரையில் துணி துவைப்பவர்கள் தானாக வாளியை நகர்த்திவிடுவார்கள். மின்சாரக் கார் வாங்கிய பிறகுதான் சிக்கல். "பூனை மாதிரி வந்து நிக்கியே மக்களே, ஒரு நாள் நான் சானலுக்குள்ளதான் கெடப்பேன்" என்று ஒரு பாட்டி திட்டிய அன்றைக்கு முன் கேமரா ஒன்று வைத்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

நான் வாங்கியது கீழ் மாடல். ஸ்டீரியோவும் பின் கேமராவும் வெளியில் போட்டவை. அந்த ஸ்டீரியோவில் கேமராவுக்கு ஒரே ஒரு மஞ்சள் சாக்கெட்தான், ரிவர்ஸ் கியர் போட்டால் விளக்குக்குப் போகிற 12 வோல்ட் ஒரு மெல்லிய ஒயர் வழியாக ஸ்டீரியோவுக்கும் போகும், திரை மாறும். கேமரா வாங்குவதில் ஒன்றுமில்லை, ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. எப்போது எந்தப் படம் வர வேண்டும் என்று அந்த ஸ்டீரியோவை நம்ப வைப்பதில்தான் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

முதல் யோசனை ரொம்ப எளிது. ஒரு பட்டன், அமுக்கினால் ரிலே (மின்சாரம் வந்தால் தானாக மாறுகிற சுவிட்ச்) இழுக்கும், ரிலேயின் ஒரு பாதி பின் கேமராவைக் கழற்றி முன் கேமராவை மாட்டும், மறு பாதி அந்த மெல்லிய ஒயருக்கு 12 வோல்ட் கொடுக்கும். வேலையும் செய்தது. சந்தோஷமாகத் தக்கலை வரை போய்வந்தேன். வழியெல்லாம் பின்னால் பைக்கில் வந்தவர்கள் திடீர் திடீரென்று பிரேக் போட்டு ஹாரன் அடித்தார்கள், எனக்குக் காரணம் புரியவில்லை. வீட்டுக்கு வந்து மதிலில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. நான் கொடுத்த 12 வோல்ட் அந்த ஒயர் வழியாகவே திரும்பிப் போய் ரிவர்ஸ் விளக்கையும் எரிய வைத்திருக்கிறது! முன்னால் போகிற கார் பின்னால் வரப்போவதாக விளக்கு போட்டால் எவன்தான் பயப்பட மாட்டான். இரண்டு வழிக்கும் ஆளுக்கொரு 1என் 4007 டயோடு வைத்தேன், மின்சாரம் ஸ்டீரியோ பக்கம் மட்டும் போகும், திரும்பாது. இரண்டு ரூபாய் சமாச்சாரம்.

அடுத்தது இடவலம். பின் கேமராக்கள் கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாற்றித்தான் படம் கொடுக்கும், பின்னால் போவதற்கு அதுதான் சரி. நான் வாங்கியதும் அந்த ரகம் என்று யோசிக்கவே இல்லை. திரையில் சானல் வலப்பக்கம் ஓடுகிறது, மதில் இடப்பக்கம் நிற்கிறது. மூளை திரையை நம்பியது, கை லேசாக இடப்பக்கம் ஒடித்தது. பக்கத்தில் இருந்த வீட்டுக்காரி போட்ட கூச்சலில் நிறுத்தினேன், இறங்கிப் பார்த்தால் முன் டயருக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு சாண் மண். "இதுக்கு இறங்கிப் பாத்துட்டே ஏறியிருக்கலாம்" என்றாள். பதில் சொல்லவில்லை. கேமராவின் வாலில் ஒரு சிறு ஒயர் வளையம் இருக்கும், அதை வெட்டினால் படம் நேராகிவிடும், என்னுடையதில் அப்படித்தான். இன்னொரு வளையம் பார்க்கிங் கோடுகளுக்கு, அதையும் வெட்டினேன்.

பட்டனை அணைக்க மறந்துவிடுகிறேன் என்பதால் குறித்த நேரத்தில் தானே அணைக்கிற 555 டைமர் ஐசி ஒன்று சேர்த்தேன். 1.1 பெருக்கல் ரெசிஸ்டர் பெருக்கல் கெப்பாசிட்டர், இதுதான் நேரக் கணக்கு. 180 கிலோ ஓமும் 100 மைக்ரோஃபாரடும் போட்டால் 20 வினாடி. முன் படம் ஓடும்போது ரிவர்ஸ் போட்டால் பின் படம்தான் வர வேண்டும், அதில் விளையாட்டு கூடாது. அதற்கு ரிவர்ஸ் 12 வோல்ட்டில் ஒரு ரெசிஸ்டர் வழியாக பிசி 547 டிரான்சிஸ்டரைத் தட்டி, அது ஐசியின் 4ஆம் காலை, அதாவது ரீசெட் காலைக் கீழே இழுக்கும்படி செய்தேன். டைமர் அந்த நொடியே விழுந்துவிடும்.

மின்சாரம் எங்கிருந்து எடுப்பது என்பதிலும் ஒரு அடி வாங்கினேன். ஃபியூஸ் பெட்டியில் எப்போதும் உயிரோடு இருக்கிற இடத்தில் கேமராவை மாட்டிவிட்டு, கல்யாணம் ஒன்றுக்காகப் பதினைந்து நாள் சென்னைக்குப் போய்விட்டோம். கேமரா குடிப்பது 100 மில்லி ஆம்பியர்தான், ஆனால் ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர் மணி, பதினைந்து நாளில் 36. காரில் இருந்த சின்ன 12 வோல்ட் பேட்டரியே 35தான். காரை ஓட்டுகிற பெரிய பேட்டரியில் முக்கால்வாசி சார்ஜ் கிடந்தும் கார் கண்ணே திறக்கவில்லை, ஏனென்றால் பெரியதை எழுப்புவதே அந்தச் சின்னதுதான். இப்போது சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஃபியூஸில், 2 ஆம்பியர் தனி ஃபியூஸ் வைத்து எடுத்திருக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு யாராவது இறங்கினால் ஒன்று: பானெட்டுக்குள் ஆரஞ்சு நிறத்தில் போகிற கேபிள்களைத் தொடாதீர்கள், பக்கத்தில் டிரில்லும் கொண்டுபோகாதீர்கள். அவற்றில் ஓடுவது சில நூறு வோல்ட். நான் கேமரா ஒயரை அதை ஒட்டிக் கொண்டுபோனதில், ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் படத்தில் கோடு கோடாக ஓடியது. ஒயரை மறுபக்கம் மாற்றி, எர்த்தை எல்லாவற்றுக்கும் ஒரே போல்ட்டில் கொடுத்ததும் நின்றது.

பெட்ரோல் கார் மாதிரி கிரில் இடைவெளி இல்லாத மூடிய முகம் என்பதால், நம்பர் பிளேட்டுக்குக் கீழே ஜன்னல் வேலை செய்கிறவரிடம் வாங்கிய அலுமினிய ஆங்கிள் துண்டில் கேமரா உட்கார்ந்திருக்கிறது. அதிர்வுக்கு நடுவில் ஒரு ரப்பர் ஷீட் துண்டு, ரப்பர் விளைகிற நம்ம ஊரில் அதற்கா பஞ்சம். ஆனால் மழைதான் தோற்கடிக்கிறது, ஜூனிலும் பெய்கிறது, ஐப்பசியிலும் பெய்கிறது. பிவிசி பைப்பைப் பாதியாக வெட்டி ஒரு சின்னக் குடை வைத்தேன், சொட்டு நிற்பது குறைந்தது, சேறு குறையவில்லை. பையில் ஒரு துணி வைத்திருக்கிறேன்.

போன வாரம் 100 மைக்ரோஃபாரடை எடுத்துவிட்டு 220 போட்டேன். இப்போது படம் 43 வினாடி நிற்கிறது. பாட்டி என்னைத் திட்டி முடித்து வாளியை எடுக்க அவ்வளவு வேண்டியிருக்கிறது.