காலி பண்றதுக்குள்ள

12 நவம்பர் 2023, ஞாயிறு

நாலரைக்கே முதல் சரம் வெடித்தது. தலையில் வைத்த எண்ணெயோடு மொட்டைமாடிக்கு ஓடினேன். சின்டெக்ஸ் டேங்குக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் ஒரு முழம் சந்து. டார்ச் அடித்தால் எட்டுக் கண். நாலு பூனைக்குட்டியும் இருக்கிறது. கண்ணில் இன்னும் நீலம் மாறவில்லை, காது நிமிர்ந்துவிட்டது, பல் உடைந்த அரிசி மாதிரி. நாலு வாரம் இருக்கும்.

அம்மாப் பூனை பெரியம்மாவைக் காணோம். பத்தாயிரம்வாலாவுக்கு எந்தத் தெருவுக்கு ஓடினாளோ.

அப்பா கீழிருந்து கேட்டார்: "கங்கா ஸ்நானம் ஆச்சா அதுங்களுக்கு?"

13 நவம்பர்

வந்துவிட்டாள். ராத்திரி எப்போது என்று தெரியவில்லை. நாலும் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்க, என்னைப் பார்த்து ஒரு தடவை சீறினாள். நிம்மதி.

15 நவம்பர்

அவள் குப்பைத்தொட்டிப் பக்கம் போகும் இருபது நிமிஷம்தான் எனக்குக் கிடைக்கும் நேரம். சமையல் தராசையும் எவர்சில்வர் கிண்ணத்தையும் மேலே கொண்டுபோனேன். மிளகு 310. வாலு 340, அவன் வால் நுனி கொக்கி மாதிரி மடங்கியிருக்கிறது, அதையும் சேர்த்து. மூக்குத்தி 290. செம்பட்டை 365, குண்டன். நாளைக்குப் பத்து கிராமாவது ஏற வேண்டும்.

ஆளுக்கு இரண்டு நிமிஷம் கையில். மிளகு மட்டும் கடைசிவரை நடுங்கிக்கொண்டே இருந்தது.

இன்னும் மூணு வாரம் இருக்கிறது. ஏழு வாரத்துக்குள் மனுஷக் கை பழகினால் வீட்டுப் பூனை. தாண்டினால் கஷ்டம். பெரியம்மாவை அந்த வயதில் யாரும் தொட்டிருக்கமாட்டார்கள்.

18 நவம்பர்

வீட்டைக் காலி பண்ண ஓனர் ஆன்ட்டி தேதியே சொல்லிவிட்டார். டிசம்பர் 31.

19 நவம்பர்

படம் போட்டு நாலு மணி நேரத்தில் பதினோரு பேர். எல்லாருக்கும் செம்பட்டைதான் வேண்டும். "ஆண் குட்டிதானே? பெண்ணுன்னா வேணாம்." "பெர்சியன் இருக்கா?" "பையனுக்குப் பர்த்டே, சனிக்கிழமைக்குள்ள தருவீங்களா?" ஒருவர் கேக் ஆர்டர் பண்ணுகிற தோரணையில் முகவரியே அனுப்பிவிட்டார்.

பால்கனிக்கு வலை போட்டிருக்கிறீர்களா என்று கேட்டதும் ஏழு பேர் காணாமல் போனார்கள். பூனைக்கு ஏழு உயிராமே, அதனால் வலை வேண்டாமாம். நாலாவது மாடியிலிருந்து புறாவைப் பார்த்துத் தாவினதைப் பொறுக்கி எடுத்தவள் நான். அந்தக் கதையை இங்கே எழுத மாட்டேன்.

மிளகை யாரும் கேட்கவில்லை. கறுப்பு.

21 நவம்பர்

மூக்குத்தியைக் கிண்ணத்தில் வைத்த நேரம் பார்த்து அவள் திரும்பிவிட்டாள். வந்தது தெரியவில்லை, கை பற்றிக்கொண்டு எரிந்தபோதுதான் தெரிந்தது. கட்டைவிரல் அடியில் நாலு ஓட்டை, இரண்டு ஆழம். குழாயைத் திறந்துவிட்டு லைஃப்பாய் போட்டுக் கால் மணி நேரம் கழுவினேன். அப்பா பக்கத்தில் நின்று கடிகாரம் பார்த்தார். "இன்னும் நாலு நிமிஷம் இருக்கு கண்ணு."

அரசு ஆஸ்பத்திரியில் ரேபிஸ் தடுப்பூசி, ரெண்டு கையிலும் தோலுக்குள்ளேயே ஒன்று. காயத்தைச் சுற்றி வேறு ஊசி, அதுதான் உயிர் போகிற வலி. அட்டையில் தேதி எழுதிக்கொடுத்தார்கள். இன்று, 24, 28, அப்புறம் டிசம்பர் 19. "நாயா?" "பூனை." சீட்டு எழுதினவர் நிமிர்ந்து பார்த்தார். வரிசையில் எனக்கு முன்னால் இருந்த பதினாலு பேரும் நாய்.

பெரியம்மா மேல் கோபம் இல்லை. கிண்ணத்தில் இருந்தது அவள் குழந்தை.

22 நவம்பர்

அக்கா போன். அப்பாவுக்கு வீசிங் கூடினதே பூனை முடியால்தானாம். முடி இல்லை அக்கா, எச்சிலிலும் தோலிலும் இருக்கிற ஒரு புரதம், நக்கி நக்கி முடியில் காய்ந்து காற்றில் பறக்கிறது என்றேன். "அப்போ பூனைதானேடி?" என்றாள். பதில் இல்லை.

அப்பாவின் இன்ஹேலர் முதுகில் இருக்கிற எண் 71, மீதி இருக்கிற டோஸ். குட்டிகளை வீட்டுக்குள் கொண்டுவரவே இல்லை, மொட்டைமாடிப் படிக்கட்டு ரூம் வரைதான். என் நைட்டியில் வருகிறதோ என்னவோ. இப்போது துணி மாற்றிக்கொண்டுதான் அவர் பக்கத்தில் போகிறேன்.

24 நவம்பர்

ஊசி இரண்டு. 71 இப்போது 64.

26 நவம்பர்

கார்த்திகை தீபம். அகல் எதையும் தரையில் வைக்கவில்லை, எல்லாம் கைப்பிடிச் சுவர் மேல். வாலு ஒரு பொரி உருண்டையைக் கால்பந்தாக்கிவிட்டான். மிளகு முதல் தடவையாக என் மடியில் தூங்கியது, மூணு நிமிஷம். பார்த்துக்கொண்டிருந்தேன், மூணு.

27 நவம்பர்

பெரியம்மாவைப் பிடித்துக் கருத்தடை ஆபரேஷன் பண்ண, ஆதம்பாக்கத்தில் தெருப் பூனைகளுக்குச் சோறு வைக்கிற பெண்ணிடம் கூண்டு இரவல் வாங்கினேன். எலிக்கூண்டுக்கு அண்ணன் மாதிரி, உள்ளே பலகையை மிதித்தால் கதவு விழும். பன்னிரண்டு மணி நேரம் பட்டினி போட்டால்தான் உள்ளே வருவாளாம். பால் கொடுக்கிறவளைப் பட்டினி போட மனசு வராமல் எட்டு மணி நேரத்திலேயே நெத்திலிக் கருவாடு வைத்துவிட்டேன்.

ராத்திரி ஒன்றரைக்குக் கதவு விழுந்தது. போய்ப் பார்த்தால் கடுவன். பானைத் தலை, காது கிழிசல், என்னமோ நான் அவனுக்குக் கடன்பட்ட மாதிரி கத்துகிறான். திறந்துவிட்டேன்.

28 நவம்பர்

ஊசி மூன்று.

1 டிசம்பர்

மறுபடி கடுவன். கருவாடு தீர்ந்தது. திறந்துவிட்டேன்.

2 டிசம்பர்

புயல் நிச்சயம் என்கிறார்கள். குட்டிகள் நாலையும் உள்ளே எடுத்தாயிற்று. என் பாத்ரூம், கதவுக்கடியில் துணி. செம்பட்டை 540. பெரியம்மா மாடியில் சந்தைச் சுற்றிச் சுற்றி வந்து கூப்பிட்டாள். தொண்டைக்குள்ளிருந்து வருகிற குரல், குட்டிகளுக்கு மட்டும் வைத்திருக்கிற குரல். பாத்ரூமுக்குள் நாலும் காதை நிமிர்த்தின.

ஹெட்போன் போட்டுக்கொண்டு மெடிக்கல் கோடிங் ஷிஃப்ட் பார்த்தேன். ஒரு சார்ட்டுக்கும் கோட் சரியாகப் போடவில்லை.

4 டிசம்பர், திங்கள்

போனில் 31 சதவீதம். சுருக்கமாக.

கரண்ட் ராத்திரியே போய்விட்டது. காலையில் தெரு இல்லை, தண்ணீர்தான். கேட்டின் மேல் கம்பி மட்டும் தெரிகிறது. கீழ்வீட்டுக்காரர்கள் ஐந்து பேரும் மேலே நம் ஹாலில். ஃப்ரிட்ஜ் அவர்கள் வீட்டுக்குள்ளேயே மிதந்து திரும்பி நிற்கிறதாம். அரையாண்டுப் பரீட்சை தள்ளிப்போகும் என்று சின்னவனுக்கு மட்டும் சந்தோஷம். ஏர்போர்ட்டே மூடிவிட்டார்கள்.

நெபுலைசர் கரண்ட் இல்லாமல் வெறும் டப்பா. எண் 38. அப்பா உட்கார்ந்தபடியே தூங்குகிறார்.

பெரியம்மா எங்கே?

5 டிசம்பர்

மழை நின்றுவிட்டது, தண்ணீர் நிற்கவில்லை. வேளச்சேரியில் போட் ஓடுகிறதாம். பால் பாக்கெட் இல்லை. நல்லவேளை, குட்டிகளுக்குப் பசும்பால் கொடுப்பதில்லை, கொடுத்தால் பேதிதான். இருந்த டப்பாப் பொடியை வெந்நீரில் கரைத்தேன். கேஸ் இருக்கிறது.

மாடியில் நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். நாலு வீட்டு மாடியிலும் ஆட்கள். பூனையைக் கூப்பிடுகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "யாரத் தேடுறீங்க?" "பெரியம்மாவை." எதிர்வீட்டம்மா பதறிப்போய்விட்டார்.

அப்பா 33.

7 டிசம்பர்

கரண்ட் வந்தது. நெபுலைசர் சத்தத்தை இவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை.

8 டிசம்பர்

இஸ்திரி அக்கா வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். கரிப்பெட்டி போயேபோச்சு. "உன் மூணுகலர் பூனைதானே பாப்பா? மாவு மில்லு சன்ஷேடு மேல உக்காந்திருந்துச்சு, ரெண்டு நாளா. கடுவனும் கூட இருந்துச்சு."

உயிரோடு இருக்கிறாள். வேறு எதுவும் காதில் விழவில்லை.

9 டிசம்பர்

செம்பட்டை சாப்பிடவில்லை. தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறான், குடிக்கவும் இல்லை.

10 டிசம்பர்

மஞ்சளாக வாந்தி. 490. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார், வெள்ளை அணு பாதாளத்தில். நாய்க்கு வருகிற பார்வோவுக்குச் சொந்தக்காரன், பூனைக் குட்டிகளை வாரிக்கொண்டு போகிற வியாதி. தோலுக்கடியில் டிரிப், வாந்திக்கு ஊசி, வீட்டில் சூடு காட்டு என்றார். தடுப்பூசிக்கு 4ஆம் தேதி என்று குறித்து வைத்திருந்தேன். 4ஆம் தேதி.

க்ளினிக் வாசலில் நிற்கும்போது போன். ஆண் குரல், ரொம்ப மரியாதை. "கறுப்புக் குட்டி இருக்குன்னு பாத்தேங்க. ஒரு வெள்ள முடிகூட இருக்கக்கூடாது. செவ்வாய்க்கிழமைக்குள்ள கெடைக்குமா?" வலை கேட்கவில்லை, என்ன சாப்பிடும் என்று கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை என்ன என்று காலண்டரைப் பார்த்தேன். அமாவாசை.

கொடுத்தாயிற்று என்றேன். மிளகின் படத்தை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டேன்.

11 டிசம்பர்

விடியற்காலை 3:50. செம்பட்டை.

11 டிசம்பர், மதியம்

பாத்ரூம் முழுக்க பிளீச். 32 பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு, பத்து நிமிஷம் ஊறவிட்டு. டெட்டால் இதற்கு உதவாது. அந்த வாடை அப்பாவுக்கு ஆகாது, அவரைக் கீழ்வீட்டில் உட்காரவைத்தேன். கிருமி ஒரு வருஷம்கூடத் தரையில் கிடக்குமாம். அடுத்துக் குடிவருகிறவர்களிடம் குட்டி கொண்டுவராதீர்கள் என்று யார் சொல்வது, ஓனர் ஆன்ட்டியா?

மீதி மூணையும் இரண்டு வாரத்துக்கு யாருக்கும் கொடுக்கக்கூடாது. அதாவது 25. வீடு 31.

அவனை முருங்கை மரத்தடியில் வைத்தேன். மண் இன்னும் சேறாகத்தான் இருந்தது, தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறியது.

13 டிசம்பர்

மூக்குத்தி இரண்டு தடவை வாந்தி.

14 டிசம்பர்

மூணு மணிக்கொரு தடவை அலாரம். சிரிஞ்சில் அரை மில்லி, ஒரு மில்லி. அப்பா இரண்டு மணி அலாரத்துக்கு எழுந்து வாசலில் நிற்கிறார். "உள்ள வராதீங்கப்பா." "வரல. நிக்கிறேன்."

16 டிசம்பர்

மூக்குத்தி சிக்கன் வேகவைத்த தண்ணீரை நக்கினாள். தானாக. கிண்ணத்துக்குள் ஒரு கால் வைத்து நின்றுகொண்டு நக்கினாள். வாசலில் நின்றவர் கை தட்டினார், அப்புறம் இருமினார்.

19 டிசம்பர்

ஊசி நான்கு. முடிந்தது. தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் இப்போது வெள்ளம். அக்கா வீட்டில் மாடிப்படி வரை தண்ணீர். இரண்டு நாளாக லைன் கிடைக்கவில்லை, இன்று பேசினாள். பூனை பற்றிக் கேட்கவே இல்லை.

22 டிசம்பர்

வீடு பார்த்தாயிற்று, கீழ்க்கட்டளையில். "பெட்ஸ் உண்டா?" "இல்லை." பொய் இல்லை. 31ஆம் தேதிக்கு அது உண்மை ஆகிவிடும்.

26 டிசம்பர்

மூணுக்கும் தடுப்பூசி. வாலுவும் மூக்குத்தியும் ஜோடியாக அம்பத்தூர் போனார்கள். ஒரு டீச்சர், ஜன்னல் ஜன்னலாக வலையை வீடியோவில் காட்டினவர். ஆறு மாசத்துக்குள் ஆபரேஷன் என்று எழுதி வாங்கினேன். டீச்சரே என் எழுத்துப் பிழையைத் திருத்திக் கையெழுத்துப் போட்டார்.

27 டிசம்பர்

ராத்திரி 11:20, கூண்டு. பழக்கத்தில் கடுவனைத் திட்டிக்கொண்டே மாடி ஏறினேன்.

பெரியம்மா.

போர்வையைப் போட்டு மூடினேன். இருட்டானதும் அடங்கிவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கட்டைவிரல் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தேன்.

28 டிசம்பர்

மத்தியானம் டாக்டர் கூப்பிட்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அடையாளத்துக்கு இடது காது நுனி வெட்டியாயிற்று, மறுபடி யாரும் பிடிக்கமாட்டார்கள். அப்புறம், "மூணு இருந்துச்சும்மா உள்ள."

"எத்தனை வாரம்?"

"மூணு இருக்கும்."

திரும்பத் திரும்பக் கணக்குப் போடுகிறேன். பால் குடிக்கிற குட்டி இருக்கிறவரை அனேகமாக அவளுக்குப் பருவம் வந்திருக்காது. 2ஆம் தேதி குட்டிகளை எடுத்தது நான். அதற்கு முன்னால் கடுவன் இரண்டு தடவை கூண்டில் விழுந்தான், இரண்டு தடவையும் திறந்துவிட்டது நான். அவனை அப்படியே கொண்டுபோய் ஆபரேஷன் பண்ணியிருக்கலாம். கருவாடு வீணானதைப் பற்றித்தான் அன்றைக்கு எழுதியிருக்கிறேன்.

இதை அப்பாவிடம் சொல்லவில்லை.

29 டிசம்பர்

மிளகு தாம்பரத்துக்கு. நர்ஸ், நைட் டியூட்டி. கறுப்பு பரவாயில்லையா என்று இரண்டு தடவை கேட்டேன். "நானும் கறுப்புதாங்க" என்று சிரித்தார். துப்பட்டாவில் சுற்றிக்கொண்டார், மிளகு நடுங்கவில்லை. ஷேர் ஆட்டோவில் ஏறும்வரை பார்த்தேன்.

அப்பா மேலே ஜன்னலோரம் இருந்தார். நான் வந்ததும் பேப்பரைத் தூக்கிக்கொண்டார், தலைகீழாக. அவர் ஸ்வெட்டரில் கறுப்பு முடி, முழங்கை வரை. எத்தனை நாளாக என்று கேட்கவில்லை. புது இன்ஹேலர் 112.

30 டிசம்பர்

பெரியம்மாவைப் புது வீட்டுக்குக் கொண்டுபோகலாமே என்று கீழ்வீட்டுச் சின்னவன் கேட்டான். கொண்டுபோனால் திரும்பி வரத்தான் பார்ப்பாள், நடுவில் மேடவாக்கம் மெயின் ரோடு. பிடித்த இடத்தில்தான் விட வேண்டும். டேங்க் பக்கத்தில் திறந்தேன். ஓடவில்லை. ஒரு நொடி சந்துக்குள் எட்டிப் பார்த்தாள், அப்புறம்தான் சுவர் ஏறினாள்.

சோறு வைக்க இஸ்திரி அக்கா ஒத்துக்கொண்டார். காசு கொடுத்தால் வாங்கவில்லை. "ஒரு பூன தின்னா சொத்தா அழிஞ்சிடும்? நீ அந்தத் தட்ட மட்டும் குடுத்துட்டுப் போ பாப்பா." கொடுத்தேன். கிண்ணத்தையும்.

31 டிசம்பர்

லாரி எட்டு மணிக்கு என்றான். மணி பத்தரை. தராசு எந்த அட்டைப்பெட்டியில் போனது என்று