ஜீப் குறிப்புகள்: எஞ்சினா, கியரா?

ஜூன் 3

பாறையிலும் மலையிலும் ஏற்ற ஜீப்பின் எஞ்சினை மாற்றும் ஆசை விட மாட்டேன் என்கிறது. வண்டி 1998 ரேங்ளர், உள்ளே 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர் பெட்ரோல். "கம்மின்ஸ் 4பிடி டீசலைப் போடுடா, மலையையே இழுக்கும்" என்கிறான் நண்பன். இழுக்கும்தான். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே டார்க் (சுழற்றும் விசை) கிடைக்கும், மெக்கானிக்கல் பம்ப் என்பதால் தண்ணீரில் இறங்கினாலும் சென்சார் கவலை குறைவு. ஆனால் எடை 340 கிலோ பக்கம். இப்போதிருப்பதைவிட நூறு கிலோ கூடுதல், அத்தனையும் முன் ஆக்ஸில் தலையில். ஸ்பிரிங், மவுண்ட், ரேடியேட்டர் எல்லாம் மாறியாக வேண்டும். அதிர்வு தனிக் கதை.

ஜூன் 5

இன்று கால்குலேட்டரோடு உட்கார்ந்தேன். முதல் கியர், டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் ஆக்ஸிலுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) லோ கியர், ஆக்ஸில் மூன்றின் விகிதத்தையும் பெருக்கினால் கிரால் ரேஷியோ: சக்கரம் ஒருமுறை சுற்ற எஞ்சின் எத்தனை முறை சுற்றணும் என்பது. இப்போது 3.83 × 2.72 × 3.73, அதாவது 38.9. டீசலோடு என்வி4500 கியர்பாக்ஸும் வந்தால் முதல் கியர் 5.61, பெருக்கினால் 57.

அப்புறம் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் தொடாமல் கணக்குப் போட்டேன். 2003 முதல் ரேங்ளரின் ரூபிகான் வகையில் வந்த 4:1 டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு ஆக்ஸிலிலும் 4.56 கியர். 3.83 × 4 × 4.56, கிட்டத்தட்ட 70! 33 அங்குல டயரில், எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றினால் வேகம் மணிக்கு 1.8 கி.மீ. பழைய கியரில் இதுவே மூன்றேகால். பாறை மேல் இந்த வித்தியாசம் பெரிது. கிளட்சை மிதிக்காமல் மெதுவாக ஏற்றலாம்.

ரோட்டில் எஞ்சின் கத்துமோ என்றும் பார்த்தேன். ஐந்தாம் கியர் 0.79, நூறு கி.மீ. வேகத்தில் 2300 சுற்றுக்குள். போதும்.

ஜூன் 6

ஆட்டோமேட்டிக்? நின்ற இடத்தில், கிளட்சுக்குப் பதிலாக அதிலிருக்கும் டார்க் கன்வெர்ட்டர் டார்க்கை ஏறக்குறைய இரட்டிப்பாக்கும், மணலுக்கு அருமை. செங்குத்தாக இறங்கும்போது எஞ்சின் பிடிப்பு மேனுவல் அளவுக்கு இல்லை. சூடும் அதிகம், ஆயிலுக்குத் தனிக் கூலர் வேண்டும். எனக்கு மேனுவலே.

ஜூன் 14

டார்க்கைப் பெருக்கினால் அதைத் தாங்க வேண்டியது ஆக்ஸில் ஷாஃப்ட். பின்னால் இருப்பது டானா 35 ஆக்ஸில், ஷாஃப்ட் முனையில் 27 ஸ்ப்லைன் (பல் வரி). லாக்கரும் (இரு சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்ற வைப்பது) 33 அங்குல டயரும் சேர்ந்தால் அதை நம்பி இறங்க மாட்டேன். 30 ஸ்ப்லைன் டானா 44 தேடுகிறேன். எஞ்சினுக்கு என்று வைத்திருந்த பணம் இங்கேதான் போகும். நண்பனுக்கு இன்னும் சொல்லவில்லை, சண்டைக்கு வருவான்.

ஜூன் 21

ரூபிகான் டிரான்ஸ்ஃபர் கேஸில் பின் அவுட்புட் நிலையான இணைப்பு. பழைய கேஸில் இருக்கும் ஸ்லிப் யோக்கை (சறுக்கும் இணைப்பை) மாற்றும் தனி வேலை இல்லை. கேஸிலிருந்து ஆக்ஸிலுக்குப் போகும் புரொபெல்லர் ஷாஃப்ட் மட்டும் புது நீளத்தில் செய்ய வேண்டும். வண்டியை இரண்டரை அங்குலம் தூக்கிய பிறகு அளவெடுக்கணும், முன்னாடி எடுத்தால் வீண். டிஃபரன்ஷியலின் பிரீதர் குழாயையும் (ஆக்ஸிலுக்குள் காற்று போய்வரும் குழாய்) மேலே ஏற்றிக் கட்டணும். சூடான ஆக்ஸில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் தண்ணீரை உள்ளே உறிஞ்சிவிடும்.