முதலை இல்லாத குளம்

படத்தைப் பார்த்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "முதலை இல்லையா பிள்ளை?"

மெக்சிக்கோவின் வயாடோலிட் நகரின் நடுவே இருக்கும் சாசி என்ற செனோட்டேயில், அதாவது ஓர் இயற்கைக் குளத்தில், நான் மிதந்துகொண்டிருக்கும் படம் அது. கிளிநொச்சியின் இரணைமடு வாய்க்காலில் நீந்தப் பழகியவள் நான். ஈரப் படிகளில் இறங்கும்போது எனக்கும் அதே கேள்வி வந்தது. கறுத்த மீன்கள் மட்டும் இருந்தன.

ஒரு முதுகுப்பை, பன்னிரண்டு நாள். பெரிய ஊர்களுக்கு இடையே பஸ். மற்ற இடங்களுக்கு, ஆள் நிறையும்வரை புறப்படாத வேன். அந்த வேனில் மட்டும் எனக்கு எதுவும் புதிதாக இல்லை.

இந்த ஊர்கள் இருக்கும் யுகட்டான் தீபகற்பத்தின் வடபகுதியில் தரைக்கு மேல் ஓடும் ஆறே கிடையாது. சுண்ணக்கல் மழையைக் குடித்துவிடுகிறது, தண்ணீர் அடியில் குகை வழியே போகிறது. குகைக் கூரை இடிந்து விழுந்த இடந்தான் செனோட்டே. புத்தூர் நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். யாழ்ப்பாணத்தவர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளட்டும். உடலில் பூசிய கிரீம் தண்ணீரைக் கெடுக்கும் என்பதால், முதலில் குழாயடியில் குளித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். குளிப்பதற்கு ஒரு குளிப்பா என்று அம்மா சிரித்தார்.

இசமால் ஊர் முழுக்க மஞ்சள் பூசியிருக்கிறது. அங்கே பிரான்சிஸ்கன் என்ற கத்தோலிக்கச் சபைத் துறவிகள், அந்த மண்ணின் பழங்குடிகளான மாயர்களின் கோயிலை இடித்து, அதே மேடையின்மேல் தங்கள் மடத்தைக் கட்டினார்கள். மெரிடாவும் அப்படித்தான். 1542இல் ஸ்பானியர் அந்த நகரை நிறுவியது மாயர்களின் தோ என்ற பழைய நகரின் மேல். அதன் கற்கள் 1598இல் முடிந்த பேராலயத்தின் சுவர்களில் இருக்கின்றன. இசமால் மடத்தோடு சேர்ந்து வரும் பெயர் தியேகோ தெ லாண்டா என்ற துறவியுடையது. 1562இல் மனி என்ற ஊரில் மாயர்களின் நூல்களைக் குவித்து எரித்தவர் அவர். அந்த எழுத்தில் இன்று உலகில் எஞ்சியவை நான்கு நூல்கள். மஞ்சள் முற்றத்தில் படம் எடுக்க எனக்குக் கை வரவில்லை.

மாயர்களின் பழைய நகரமான சிச்சென் இட்சா: பிரமிட்டின் நான்கு பக்கத்திலும் பக்கத்துக்கு 91 படி, உச்சியையும் சேர்த்து 365, ஏற அனுமதி இல்லை, கொடும் வெயில், பஸ் பஸ்ஸாகச் சனம். வழிகாட்டி ஒருவர், மாயர்கள் மர்மமாக மறைந்துபோனார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தார். பத்தடி தள்ளிப் பூத்தையல் துணி விரித்திருந்த ஒரு பெண், தன் மகளை மாயா மொழியில் ஏசிக்கொண்டிருந்தாள். போர் முடிந்த பிறகு கிளிநொச்சியில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியின் முன்னால் பஸ்ஸில் வந்தவர்கள் நின்று படம் எடுப்பார்கள். நாங்கள் சைக்கிளில் அவர்களைச் சுற்றிக்கொண்டு டியூசனுக்குப் போவோம்.

உண்மையில் நான் எழுத உட்கார்ந்தது மாயர்களின் இன்னொரு பழைய நகரமான உஷ்மாலைப் பற்றி. அந்த மேட்டு நிலத்தில் செனோட்டே இல்லை, நிலத்தடி நீரும் வெகு ஆழத்தில். ஆகவே பாறையில் போத்தல் வடிவத்தில் குழி குடைந்து, உள்ளே சுண்ணச் சாந்து பூசி, மழைநீர் வாய்ப்பக்கம் வடியும்படி சுற்றுத் தரையைச் சரித்திருக்கிறார்கள். சுல்தூன் என்று பெயர். மே முதல் ஒக்டோபர் வரை பெய்வதைச் சேர்த்து வைத்து, மீதி மாதங்களைக் கடத்த வேண்டும். வானத்தை நம்பி ஒரு நகரம்! மாரிக்கு முன் குளக்கட்டில் நின்று மேகம் பார்க்கிற எங்கள் ஊர்ச் சனம் என் கண்முன் வந்தது. கட்டடச் சுவர்களில் நீண்டு வளைந்த மூக்கோடு மழைத் தெய்வம் சாக்கின் முகங்கள். அந்தப் படத்தை அம்மா பெரிதாக்கிப் பார்த்தார். "பிள்ளையார் அங்கேயும் இருக்கிறாரா?" முறிகண்டியில் தேங்காய் உடைக்காமல் பயணம் போகாதவர் அவர். நான் மறுக்கவில்லை.

பிறகு சுல்தூனின் வாயைக் காட்டினேன். ஒரு ஆள் நுழைவதே கடினம். நெடுநேரம் பார்த்தார்.

"இதற்குள் இறங்கிச் சேறு அள்ளியது யார்?"

தெரியாது என்றேன்.

"சின்னப் பிள்ளையைத்தான் இறக்கியிருப்பார்கள்" என்று தானே சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். எனக்கு ஒன்பது வயதில், எங்கள் கிணறு இறைத்த அன்று, கயிற்றில் கட்டி இறக்கப்பட்டது நான்.