ரீம் ஓடுபாதையில் த்ராட்டிலை இழுத்திருக்கலாமா?

எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடிதான் த்ராட்டில்; அதை இழுத்து ஓட்டத்தை நிறுத்தியிருக்க வேண்டும் என்று ஒரு நாள் தோன்றுகிறது. இழுத்திருந்தாலும் அதே தீதான் என்று மறுநாள் தோன்றுகிறது. ஜெர்மன் போர் விமானி யோஹன்னஸ் ஸ்டைன்ஹாஃபின் அந்தச் சில நொடிகளை எத்தனை முறை பிரித்துப் பார்த்தாலும் மனம் ஒரு பக்கம் நிற்பதில்லை.

1945 ஏப்ரல் 18, மியூனிக் அருகே ரீம். குண்டு விழுந்த பள்ளங்களை மூடிச் சமன்செய்த ஓடுபாதை. மெஸ்ஸர்ஷ்மிட் 262 ஜெட் போர் விமானம் வேகமெடுக்கும்போது இடப்பக்கச் சக்கரம் போய்விட்டது. இறக்கைகளுக்கு அடியில் ராக்கெட்டுகள். விமானிக்கு முன்னால் 900 லிட்டர் எரிபொருள், பின்னால் 900 லிட்டர்.

பிஸ்டன் எஞ்சின் விமானமாக இருந்திருந்தால் கணக்கே வேறு. த்ராட்டிலைத் தள்ளியதும் புரொப்பெல்லர் காற்று இறக்கையின் மேல் பாயும். வேகம் குறைவாக இருந்தாலும் கொஞ்சம் தூக்கும். ஜெட்டில் அந்த உதவி கிடையாது. அதன் இரண்டு யூமோ 004 எஞ்சின்களில் ஒவ்வொன்றும் சுமார் 900 கிலோ உந்துவிசைதான் தரும்; விமானமோ ஆறு டன்னுக்கு மேல். நிமிடத்துக்கு 6,000 சுற்றுக்குக் கீழே த்ராட்டிலை வெடுக்கென்று தள்ளினால் எரிபொருள் மிஞ்சி டர்பைன் பிளேடுகள் கருகும், இல்லையென்றால் எஞ்சின் அணைந்துவிடும். நிக்கல், கோபால்ட் தட்டுப்பாட்டில் செய்த எஞ்சின் அது. அதன் ஆயுள் 25 மணி நேரம் என்று சொல்வார்கள், பத்திலேயே கழற்றியதும் உண்டு. இவ்வளவு மெல்ல ஏற்றிய வேகத்தை ஒருமுறை விட்டுவிட்டால் அந்த ஓட்டத்தில் அது திரும்பக் கிடைக்காது. பிரேக்கும் பலவீனம்.

ஆகவே தொடர்ந்து ஓட்டியது சரிதான் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் ஒரு சக்கரம் போன விமானம் அந்தப் பக்கமே இழுக்கும். இழுபட இழுபட வேகம் விழும். எழும்பத் தேவையான சுமார் 200 கிலோமீட்டர் வேகம் கைக்கு எட்டாது. கையில் இருந்தவை இரண்டு கெட்ட வழிகள்தாம். முழு பாரத்துடன் ஓடுபாதையின் கடைசிப் பகுதிக்கு வந்தவன் கையில் முடிவு என்று ஒன்று மிச்சம் இருக்கிறதா என்ன?

விமானம் எகிறி விழுந்து எரிந்தது. ஸ்டைன்ஹாஃப் தீக்குள்ளிருந்து தானாகவே வெளியே வந்தார். இமைகள் கருகிப்போயின. கண்ணை மூட முடியாமலே இருபது ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார். 1969இல்தான் ஓர் அறுவைச் சிகிச்சை நிபுணர் கைத் தோலை எடுத்துப் புதிய இமைகள் அமைத்தார்.

அதற்குள் அவர் மேற்கு ஜெர்மன் விமானப் படைத் தலைவர் ஆகியிருந்தார். 1966இல் அந்தப் பொறுப்புக்கு வந்தபோது ஸ்டார்ஃபைட்டர் என்ற அமெரிக்க வடிவமைப்பு ஜெட் போர் விமானங்கள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. வாங்கியவை 916, கடைசிக் கணக்கில் இழந்தவை 290க்கு மேல், இறந்த விமானிகள் 116. அங்கேயும் த்ராட்டில்தான். எஞ்சினிலிருந்து எடுத்த காற்றை இறக்கை மடல்களின் மேல் ஊதித்தான் அது இறங்கும். இறங்கும்போது சட்டென்று சக்தியைக் குறைத்தால் தூக்குவிசையும் கூடவே போய்விடும். வெயில் காயும் அமெரிக்க அரிசோனாவில் பழகிய விமானிகள் ஐரோப்பிய மேகத்துக்குள் தாழப் பறந்தார்கள். ஸ்டைன்ஹாஃப் காலத்தில் பயிற்சியும் பராமரிப்பும் இறுகின. 1967 முதல் மார்ட்டின் பேக்கர் நிறுவனத்தின் எறி இருக்கைகளாக மாற்றப்பட்டன. நின்ற இடத்திலிருந்தே விமானியை மேலே வீசக்கூடிய இருக்கை அது. ரீமில் அவருக்கு எந்த எறி இருக்கையும் இல்லை.

எரிந்தவர் என்பதால்தான் அந்த அக்கறை என்று எழுதிவிடலாம். எழுத மனம் ஒப்பவில்லை. கெட்டதற்கு நல்ல பலன் காட்டி ஆற்றிக்கொள்ளும் வேலை அது.

த்ராட்டிலைப் பற்றியே இவ்வளவு பேசுவதும் ஒருவகைத் தப்பித்தலோ என்ற சந்தேகம் விடுவதில்லை. 1945 ஜனவரியில் சக விமானி லூட்ஸோவும் ஸ்டைன்ஹாஃபும் மற்றவர்களும் நாஜி விமானப் படைத் தலைவர் கோயரிங்கை நேருக்கு நேர் எதிர்த்தார்கள். பெரிய துணிச்சல். ஆனால் போரை நிறுத்துங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. போர் விமானப் படையை ஒழுங்காக நடத்துங்கள் என்றுதான் கேட்டார்கள். தோற்றது தெரிந்த பிறகும், நாஜி அரசுக்காக, ஏப்ரலில் அதே ஓடுபாதையில் வந்து நின்றார்கள். பட்டையைக் கட்டிக்கொண்டு உட்காரும் முன்பே எடுத்திருக்க வேண்டிய முடிவைச் சக்கரம் போன பிறகு தேடுகிறோமோ?

ஆறு நாள் கழித்து லூட்ஸோவ் ரீமிலிருந்து கிளம்பினார். திரும்பவில்லை.