பத்திரம் எழுதுகிறவன் வேதம் வாசித்தால்

காரைக்குடிப் பக்கம் பத்திரம் எழுதுகிற தொழிலில் எழுதுவது கால்வாசி, படிப்பது முக்கால்வாசி. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடக்கிற வீடுகள். கட்டியவர் ஒருவர், இன்றைக்குப் பாத்தியதை உள்ளவர்கள் சென்னை, கோலாலம்பூர், அமெரிக்கா என்று சிதறிப்போன முப்பது நாற்பது பேர். ஒரு புள்ளிக்கு, அதாவது ஒரு குடும்பத்துக்கு, வளவில் (உள்முற்றத்தைச் சுற்றின கட்டில்) இரண்டு அறை, இன்னொரு புள்ளிக்கு மூன்றாம் கட்டில் பாதி, கிணறும் நடையும் பொது. இதெல்லாம் ஒரே பத்திரத்தில் இருக்காது. ஒரு பாகப்பிரிவினை, அதன்மேல் பங்கை விட்டுக்கொடுக்கிற ஒரு விடுதலைப் பத்திரம், நடுவில் ஒரு உயில், அப்புறம் ஒரு பிழைத்திருத்தல் என்று தகரப் பெட்டிக்குள் அடுக்கடுக்காக இருக்கும். எல்லாம் கணினியில் ஏறுகிற இந்தக் காலத்திலும் அந்தப் பெட்டியை யாராவது ஒருவர் உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் திருநீறு பூசாமல் பேனா எடுக்க மாட்டார். பைபிளை அவர் பிரித்துப் பார்த்து நான் கண்டதில்லை. நான் சி.எஸ்.ஐ. கிறிஸ்தவக் குடும்பம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் வேதபாடம் உண்டு, இப்போது அதை நடத்துவது நான்தான். ஆனாலும் இன்று நான் வேதம் வாசிக்கிற விதம் பெரும்பாலும் அந்தப் பெரியவரிடம் பழகியது.

“முதல் பக்கத்துல எல்லாரும் நல்லாத்தான் எழுதுவாக தம்பி. கடைசிப் பக்கம் வரைக்கும் போ” என்பார். முதல் பக்கம் சர்வ சுதந்திர பாத்தியதை என்று தாராளமாகப் பேசும். சொத்து விவரத்துக்கு வந்தால்தான், விற்கிறவருக்கு வளவில் பங்கே இல்லை, பின்கட்டில் ஓர் அறை மட்டும்தான் என்பது தெரியும். முதல் பக்கத்தை மட்டும் போனில் படம் பிடித்து வாங்கிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்தவர் ஒருவர் எங்கள் ஆபீஸ் வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். எழுதிக் கொடுத்தவர் யார், எழுதி வாங்கினவர் யார், என்ன தேதி, என்ன நெருக்கடியில் எழுதினது, செக்குபந்தி (நாலு பக்கத்து எல்லை) என்ன, முன்பத்திரம் எது என்று பார்க்காமல் ஒரு வரிக்கும் அர்த்தம் சொல்லக் கூடாது என்பது பெரியவரின் சட்டம்.

வேதத்தில் நாங்கள் செய்வது இதற்கு நேர் எதிர். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். கைக்கு எந்த வசனம் வந்ததோ, அது அந்த வருஷம் முழுக்க நமக்கு. இதைக் கேலி செய்ய எனக்கு மனசு வராது. என் அம்மா அப்படி வந்த ஓர் அட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் ஒரு பெரிய ஆபரேஷனுக்குப் போனார். ஆனால் அட்டையில் இருப்பது ஒரு வரி. அதற்கு முன்னும் பின்னும் என்ன எழுதியிருக்கிறது என்று நாங்கள் பார்த்ததில்லை.

இதை எனக்கு உறைக்கச் செய்தவர் ஓர் ஆச்சி. வீட்டுப் பத்திரம் விஷயமாக வந்து, டோக்கனுக்காகக் காத்திருந்த நேரத்தில் சுவரில் இருந்த காலண்டரை எழுத்துக்கூட்டாமல் கணீரென்று படித்தார். எரேமியா 29:11. “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.”

“நல்லா இருக்கு தம்பி. இது யாரு யாருக்கு எழுதிக் குடுத்தது?”

“எரேமியான்னு ஒரு தீர்க்கதரிசி ஆச்சி. பாபிலோனுக்குச் சிறையாப் போனவங்களுக்கு எழுதின கடுதாசி.”

“திரும்பி வந்தாகளா?”

“எழுபது வருஷம் ஆகும்னு அதுலயே எழுதியிருக்கு.”

ஆச்சி கொஞ்சம் யோசித்தார். “அப்ப, கடுதாசியைப் படிச்சவுகள்ல முக்காவாசிப் பேரு ஊரு திரும்பியிருக்க மாட்டாக.”

அன்று இரவு அந்த அதிகாரத்தை ஒரு பத்திரத்தைப் படிக்கிற மாதிரியே படித்தேன். கி.மு. 597இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் பிடித்துக்கொண்டு போன கூட்டத்துக்கு எருசலேமிலிருந்து போன கடிதம் அது. கொண்டுபோன ஆட்களின் பெயர்கூட இருக்கிறது. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், நீங்கள் இருக்கிற அந்த ஊரின் நன்மைக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று போகிறது. சீக்கிரம் வந்துவிடலாம் என்று ஆசை காட்டுகிற தீர்க்கதரிசிகளை நம்பாதீர்கள் என்கிறது. அப்படி ஆசை காட்டினவர்களில் ஒருவர் முந்தின அதிகாரத்தில் வருகிற அனனியா. இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று கோயிலில் எல்லார் முன்னாலும் சொன்னவர். எரேமியா சொன்னது எழுபது. அதற்குப் பிறகுதான் நம் காலண்டர் வரி வருகிறது. யோசித்துப் பாருங்கள், அந்த வரியைத் தனியாக வெட்டி எடுத்து ஒரு வருஷத்துக்கான அட்டையில் போட்டால் அது எரேமியா பேச்சாக இருக்காது, அனனியா பேச்சாக ஆகிவிடும்.

எழுபது வருஷம் என்பதை ஆச்சி அவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அவர் கொண்டுவந்த பெட்டியில் பர்மா நிலத்துக் காகிதங்களும் இருந்தன. 1930களின் பொருளாதார மந்தத்தில், வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் போனவர்களின் வயல்கள் கடன் கொடுத்த செட்டியார்கள் கைக்கு வந்து, கீழ் பர்மாவின் நெல்வயலில் ஏறக்குறைய கால் பங்கு அவர்கள் பெயரில் இருந்தது. 1942இல் ஜப்பான்காரன் வந்தான். போட்டது போட்டபடி கிளம்பினார்கள். அப்புறம் நிலமெல்லாம் அந்த நாட்டு அரசாங்கத்துக்குப் போயிற்று. காகிதம் மட்டும் இங்கே இருக்கிறது, கட்டு நூல் கட்டிப் பத்திரமாக. “செல்லாதுன்னு தெரியும் தம்பி. எங்க அப்பச்சி கையெழுத்துல்ல” என்றார் ஆச்சி.

எரேமியா 32க்கு நான் வந்து சேர்ந்தது அந்தக் கட்டைப் பார்த்த பிறகுதான். ஒரு பத்திர எழுத்தன் வேதம் முழுக்கத் தேடினாலும் இதைவிட விஸ்தாரமான கிரயத்தைப் பார்க்க முடியாது. (ஆபிரகாம் மக்பேலா குகையை 400 சேக்கல் நிறை வெள்ளிக்கு வாங்குகிற ஆதியாகமம் 23 அடுத்த இடத்தில் வரும், நிலம், குகை, எல்லைக்குள் நின்ற மரங்கள் என்று நம் ‘மாவடை மரவடை’ மாதிரியே அதில் இருக்கிறது.) எருசலேமைப் பாபிலோன் படை சுற்றி வளைத்திருக்கிறது. எரேமியா காவலில் இருக்கிறார். அப்பாவின் சகோதரர் மகன் வந்து ஆனதோத்தில் இருக்கிற நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். இன்றோ நாளையோ எதிரி கைக்குப் போகப்போகிற நிலம். எந்த எழுத்தரும் ‘வேண்டாம் சார்’ என்றுதான் சொல்வார். இவர் 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரம் எழுதி, சாட்சி வைத்து, முத்திரை போட்ட ஒன்று, திறந்த பிரதி ஒன்று என்று இரண்டையும் தன் எழுத்தர் பாருக்கின் கையில் கொடுத்து, நெடுநாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வை என்கிறார்.

முத்திரை போட்டது ஒன்று, பார்வைக்குத் திறந்தது ஒன்று என்பது அந்தக் காலத்து வழக்கம்தான். 1961இல் சாக்கடல் பக்கத்து மலைக் குகை ஒன்றில் பாபதா என்ற யூதப் பெண்ணின் தஸ்தாவேஜுக் கட்டு கிடைத்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கலவரத்துக்குப் பயந்து ஓடும்போது தோல்பைக்குள் வைத்துக் கொண்டுபோனது. பேரீச்சந்தோட்டம், கல்யாண ஒப்பந்தம், வழக்கு என்று முப்பத்தைந்து காகிதங்கள். அவற்றில் பல, ஒரே விஷயத்தை உள்ளே ஒரு தடவையும் வெளியே ஒரு தடவையும் எழுதி, உள்ளே உள்ளதைச் சுருட்டிக் கட்டினவை. எரேமியா காலத்துக்கு எழுநூறு வருஷம் பிந்தினது என்றாலும் அதே வகைப் பத்திரம்தான். விவரம் இவ்வளவு சரியாக இருப்பதால் எல்லாம் உண்மை என்று நான் வாதாட வரவில்லை. நன்றாகப் பொய் சொல்லத் தெரிந்தவனும் விவரத்தைச் சரியாகத்தான் எழுதுவான். என்னை அசைத்தது வேறு. பத்திரம் முடிந்த கையோடு எரேமியா ஜெபம் பண்ணுகிறார். நகரமோ கல்தேயர் (பாபிலோன்காரர்) கையில், என்னைப் பார்த்தோ நிலம் வாங்கு என்கிறீரே என்று அதில் கேட்கிறார். மறுபடியும் இந்தத் தேசத்தில் வீடும் நிலமும் வாங்கப்படும் என்று ஊருக்குச் சொன்னவர், தன் காசைப் போட்ட பிறகும் குழம்பி நிற்கிறார். குழப்பத்தை மறைக்காமல் எழுதி வைத்திருப்பதால் எனக்கு இந்தப் புத்தகத்தின்மேல் நம்பிக்கை கூடுகிறது.

இழந்த சொத்து இரட்டிப்பாகத் திரும்பும் என்று இதே அதிகாரத்தை வைத்து ஒரு பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அப்படி எனக்குப் படவில்லை. எழுதி வாங்கினவர் எரேமியா, நிலம் ஆனதோத்தில். செக்குபந்திக்கு வெளியே நாம் வேலி போட முடியாது. கடவுள் எப்படிப்பட்டவர் என்று அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். பர்மா வயல் வரும் என்று ஆச்சியிடம் சொல்ல அதில் இடமில்லை.

வேதபாடத்துக்கு வருகிற காலேஜ் பையன் ஒருவன் போனில் எதையோ பார்த்துவிட்டு, “அண்ணே, பைபிளுக்கு ஒரிஜினலே இல்லையாமே?” என்றான். இருந்தவர்கள் முகம் மாறிவிட்டது. எனக்கு இது தினமும் கேட்கிற கேள்வி. மூலப் பத்திரம் தொலைந்துபோய் அழுதுகொண்டு வருகிறவர்களுக்குச் சார்பதிவாளர் ஆபீஸில் நகல் எடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. உண்மைதான், புதிய ஏற்பாட்டுக் கடிதங்கள் பலவற்றை எழுதின பவுலின் கைப்பட ஒரு காகிதம்கூட இல்லை. ஆனால் புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் மட்டும் 5,000க்கு மேல் இருக்கின்றன, துண்டு துணுக்கு உட்பட. ஒன்றோடொன்று முழுக்கப் பொருந்தாது. கையால் பார்த்து எழுதினது அப்படித்தான் இருக்கும். பிரதிகள் நிறைய இருப்பதால்தான் எது எங்கே நுழைந்தது என்றும் கண்டுபிடிக்க முடிகிறது.

உதாரணத்துக்கு அவனுக்குக் காட்டினது 1 யோவான் 5:7. பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது. பழைய கிரேக்கப் பிரதிகளில் அது இல்லை. லத்தீன் வழியாக வந்து சேர்ந்தது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சில் கொண்டுவந்த அறிஞர் எராஸ்மஸ் 1516, 1519 பதிப்புகளில் அதைப் போடவில்லை, எதிர்ப்புக் கிளம்பி 1522இல் சேர்த்தார். தேவகோட்டையிலிருந்து வருகிற கத்தோலிக்க நண்பர் தன் திருவிவிலியத்தைப் பிரித்தார். அதில் அந்த வரி இல்லை. கூட்டத்தில் மூத்த ஐயா ஒருவருக்குக் கோபம்: “சின்ன வயசுலேருந்து மனப்பாடமா சொன்னதை இப்ப இல்லைங்கிறியா?” அவர் வருத்தம் நியாயம்தான். பழைய கைப்பிரதிப் பத்திரங்களில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அடித்தல் இத்தனை, இடைவரி இத்தனை என்று எழுதிக் கையெழுத்து வைப்பார்கள் இல்லையா, அதைத்தான் அவரிடம் சொன்னேன். திருத்தத்தை ஒளிக்காமல் குறித்த பத்திரத்தை எந்தக் கோர்ட்டும் தள்ளுவதில்லை, ஒளித்தால்தான் வம்பு. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்கிற மூவொருமைக்கு இந்த ஒரு வரியா ஆதாரம், மத்தேயு 28:19 அப்படியே இருக்கிறதே என்றும் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. சம்மதித்தார் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போதெல்லாம் ஒரு கடிதத்தைத் தொடங்கினால் முடிவு வரைக்கும் சத்தமாக வாசித்த பிறகுதான் பேச்சு. பவுல் ரோமருக்கு எழுதின கடிதத்துக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் 16:22இல், இந்த நிருபத்தை எழுதின தெர்தியு என்று பவுல் சொல்லச் சொல்ல எழுதினவர் நடுவில் தலை நீட்டி வணக்கம் சொல்கிறார். எழுத்தர் ஜாதிக்கு வேதத்தில் ஒரு வரி கிடைத்தது எனக்குப் பெரிய சந்தோஷம்.

போன ஞாயிறு, பவுல் பிலேமோனுக்கு எழுதின கடிதம். 25 வசனம், ஒரு பக்கம். பிலேமோனின் அடிமை ஒநேசிமுவைப் பவுல் திருப்பி அனுப்புகிறார், இனி அடிமையாக அல்ல, பிரியமுள்ள சகோதரனாக ஏற்றுக்கொள் என்று. ஏன் நேரடியாக விடுதலை செய் என்று எழுதவில்லை என்று பையன் விடாமல் கேட்டான். அந்த வரி கடிதத்தில் இல்லை. இருப்பதாக நான் காட்ட முடியாது என்றேன். அதற்குள் வங்கியில் இருந்து ரிட்டயரான சார் 18, 19ஆம் வசனங்களில் நின்றுவிட்டார். அவன் உமக்குக் கடன்பட்டிருந்தால் என் கணக்கில் வையும், நானே செலுத்தித் தீர்ப்பேன், இது என் சொந்தக் கையெழுத்து என்கிறார் பவுல்.

“இது புரோநோட்டு சார்! எழுதிக் குடுத்துட்டு அடுத்த வரியிலேயே நீயே எனக்குக் கடன்காரன்னு வேற ஞாபகப்படுத்துறார் பாருங்க.”

“பிலேமோன் மன்னிச்சிருப்பார். இல்லேன்னா கடுதாசியைக் கிழிச்சுப் போட்டிருப்பாரே, நம்ம கைக்கு எப்படி வரும்?” என்றான் பையன்.

“தீர்ந்த நோட்டைத்தான் தம்பி கிழிப்பாங்க” என்றார் சார். “தீராத நோட்டுத்தான் பெட்டியில இருக்கும்.”

அரை மணி நேரம் அதிலேயே போயிற்று. இன்னொரு கடிதமான கொலோசெயர் 4:9இல் ஒநேசிமுவின் பெயர் மறுபடியும் வருகிறது, உண்மையும் பிரியமுமுள்ள சகோதரன் என்று. வருகிற வாரம் கொலோசெயரை முதலிலிருந்து வாசிப்பதாகச் சொல்லிக் கலைந்தோம்.