வெள்ளத்தில் நின்ற காரும் பாலிசியில் இல்லாத வரிகளும்

கார் இன்சூரன்ஸ் பேப்பரில் எதைப் படிக்காவிட்டாலும் பிரீமியம் கணக்கு போட்டிருக்கும் பக்கத்தைப் படித்துவிடுங்கள். எந்த வரிக்கு எதிரே ஒரு தொகை இருக்கிறதோ அது உங்களுக்கு உண்டு. தொகை இல்லையா, அந்தப் பாதுகாப்பும் பெரும்பாலும் இல்லை, ஏஜென்ட் வாயால் என்ன சொல்லியிருந்தாலும் சரி. அக்கா வீட்டுக் காருக்கு க்ளெய்ம் போட்டு முடித்த பிறகு இதைத்தான் கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் மழை. பள்ளிக்கரணையில் அவர்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் நின்ற கார் சீட் மட்டத்துக்கு மூழ்கிவிட்டது. 2021 பிப்ரவரியில் வாங்கிய 1200 சிசி பெட்ரோல் வண்டி. மாமாவுக்கு உடம்பு சரியில்லாததால் க்ளெய்ம் வேலை மொத்தமும் என்னிடம் வந்தது.

தண்ணீர் வடிந்ததும் எல்லோருக்கும் வருகிற முதல் எண்ணம், ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போமே என்பதுதான். அதைச் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் காற்றைப் போல அது அமுங்காது, பிஸ்டன் மேலே வந்து முட்டி கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளத்தால் வந்த சேதத்துக்கு சாதாரண பாலிசியிலேயே பணம் உண்டு, ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் என்ஜின் போனால் அது நீங்களாக வரவழைத்த பின்விளைவு என்று சொல்லிக் கை விரித்துவிடுவார்கள். என்ஜின் ப்ரொடெக்ட் என்று தனியாகக் காசு கட்டி வாங்கியிருந்தால்தான் அதற்குப் பேச வழியிருக்கும், அதிலும் நிபந்தனைகள் உண்டு. எதிர் பிளாக்கில் ஒருவர் சாவியைத் திருப்பிவிட்டார், என்ஜின் பிளாக்கே உடைந்தது, அவரிடம் அந்த வரி இல்லை. அந்த மனிதர் ஒர்க் ஷாப்பில் எஸ்டிமேட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

நாங்கள் சாவியைத் தொடவில்லை. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, கதவில் தண்ணீர் நின்ற கோடு தெரிகிற மாதிரி, நம்பர் பிளேட்டும் சேர்ந்து வருகிற மாதிரி போட்டோ, வீடியோ எல்லாம் எடுத்தேன். கம்பெனியின் இலவச எண்ணில் கூப்பிட்டுப் பதிவு செய்து க்ளெய்ம் நம்பர் வாங்கினேன். அந்த வாரம் சென்னையில் டோயிங் வண்டி கிடைப்பதே பெரிய பாடு, ஆகவே அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஒர்க் ஷாப்பில் வண்டியை விடும்போது ஜாப் கார்டில் "ஸ்டார்ட் செய்யப்படவில்லை, டோ செய்து கொண்டுவரப்பட்டது" என்று எழுதச் சொன்னேன். சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் கேட்ட முதல் கேள்வியே அதுதான், அந்த ஒரு வரியைக் காட்டியதும் பேச்சு அங்கேயே முடிந்தது. என்ஜினைத் திறந்து பார்த்தார்கள். ஏர் ஃபில்டரில் சேறு, உள்ளே ராடு நேராகவே இருந்தது.

அப்புறம்தான் கணக்கு. வண்டி வாங்கியபோது ஷோரூமில் போட்ட முதல் வருடப் பாலிசியில் ஜீரோ டெப் (பாகங்களின் தேய்மானத்துக்குக் கழிக்காமல் பணம் தருவது), என்ஜின் ப்ரொடெக்ட் எல்லாம் இருந்திருக்கிறது. அடுத்தடுத்த வருடம் மொபைலில் வந்த ரினியூவல் லிங்கில் எது குறைவோ அது எடுக்கப்பட்டிருக்கிறது, இப்படித் தனிக் காசு கட்டி வாங்கும் ஆட்-ஆன்கள் கூடவே வரவில்லை. தேதி மாறியதே தவிர வேறொன்றும் மாறவில்லை என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு. போன வருடம் இருந்த ஒரு பாதுகாப்பு இந்த வருடம் இல்லை என்றால் அதை முதல் வரியில் பெரிய எழுத்தில் சொல்ல வேண்டாமா?

ஜீரோ டெப் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை சர்வேயரின் அசெஸ்மென்ட் ஷீட்டில் கண்ணால் பார்த்தேன். ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் டயர், பேட்டரிக்கும் பாதிதான். வண்டி எவ்வளவு புதிதாக இருந்தாலும் 50 சதவீதம் நம் தலையில். இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பார்த்துக் கழிவு: இரண்டு வருடம் தாண்டி மூன்றுக்குள் என்றால் 15 சதவீதம், நான்கிலிருந்து ஐந்துக்குள் 35, பத்து வருடம் தாண்டினால் 50. கண்ணாடிக்கு மட்டும் கழிவு கிடையாது. இன்றைய காரில் உள்பக்கம் பாதி பிளாஸ்டிக்தானே, வெள்ளத்தில் முதலில் கெடுவதும் அதுதான்.

இதுபோக என்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், நட்டு போல்டு எல்லாம் கன்சூமபிள்ஸ் கணக்கில் போய்விடும். மூழ்கிய வண்டியில் எல்லா ஆயிலையும் மாற்றியே தீரவேண்டும், ஆனால் அந்த ஆட்-ஆன் இல்லாவிட்டால் பில் நம்முடையது. கடையில் தனியாக வாங்கி மாட்டிய மியூசிக் சிஸ்டமும் அப்படித்தான், அதன் மதிப்பைச் சொல்லித் தனியாக பிரீமியம் கட்டியிருக்க வேண்டும். கடைசியில் ஒவ்வொரு க்ளெய்மிலும் நம் கையிலிருந்து போகிற கட்டாயக் கழிவு 1000 ரூபாய், அது 1500 சிசி வரையுள்ள கார்களுக்கு. அதற்கு மேல் 2000.

அந்த ஷீட்டில் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் ஆல்டர்நேட்டரையும் 50 சதவீதக் கழிவுப் பத்தியில் போட்டிருந்தார்கள். சர்வே ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்க நமக்கு உரிமை இருக்கிறது, நிறையப் பேர் கேட்பதில்லை. நான் கேட்டு வாங்கி, பாலிசியில் உள்ள கழிவுப் பட்டியலையும் சேர்த்து, இந்த இரண்டும் பிளாஸ்டிக் சாமான் இல்லை என்று ஒரு மெயில் போட்டேன். திருத்திக் கொடுத்தார்கள். அவர்கள் மறுத்திருந்தால் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதி, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும் வந்த பதில் சரியில்லாவிட்டாலும் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மனிடம் போயிருப்பேன். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

அதே பார்க்கிங்கில் நின்ற இன்னொரு காரின் கதைதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. கீழ்வீட்டு அண்ணனுடைய கார் அது, அவருக்கு ஒரு பைசாகூட வரவில்லை. 2018 செப்டம்பர் 1 முதல் புது கார் வாங்கினால் மூன்று வருடத்துக்கும், டூ வீலர் என்றால் ஐந்து வருடத்துக்கும் தேர்ட் பார்ட்டி, அதாவது நம் வண்டியால் அடுத்தவர்களுக்கு வரும் பாதிப்புக்கான காப்பீடு, கட்டாயம். சாலைப் பாதுகாப்புக்காக கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு அது. விபத்தில் அடிபடுகிறவர்களுக்கு இழப்பீடு கிடைக்க வேண்டும் என்ற நோக்கம், அதில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதி அதே பேப்பரில் பெரும்பாலும் ஒரே ஒரு வருடத்துக்குத்தான் இருக்கும். வண்டி விவரம் காட்டும் அரசின் எம்-பரிவாகன் ஆப்பில் பார்த்தால் இன்சூரன்ஸ் 2024 வரை இருப்பதாகக் காட்டும், போலீஸ் நிறுத்தினாலும் பிரச்சினை இல்லை, எல்லாம் சரியாக இருக்கிற மாதிரியே தோன்றும். அண்ணனுக்கு ஓன் டேமேஜ் முதல் வருடத்தோடு முடிந்துவிட்டது. பாலிசியில் இரண்டு முடிவுத் தேதிகள் இருக்கும், இரண்டையும் பாருங்கள்.

வேறு சில ஓட்டைகளையும் இந்த அலைச்சலில்தான் தெரிந்துகொண்டேன். செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினால் தேர்ட் பார்ட்டி தானாக நம் பேருக்கு வந்துவிடும், ஓன் டேமேஜ் வராது. 14 நாளுக்குள் எழுதிக் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும். க்ளெய்ம் வாங்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸ் பழைய ஓனருடையது, வண்டியோடு நமக்கு வராது. ஓன் போர்டு வண்டியை வாடகைக்கு விட்டு அடிபட்டால் க்ளெய்மை மறக்க வேண்டியதுதான். திருச்சி, மதுரை என்று போக ஆக்டிங் டிரைவரைக் கூப்பிடுகிறோம், அவருக்கு ஏதாவது ஆனால்? சம்பள டிரைவருக்கான பொறுப்பு என்று ஒரு வரி உண்டு, வருடத்துக்கு 50 ரூபாய்தான், அந்த வரியே இல்லாத பாலிசிகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். ஓனருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் அப்படி விட்டுப்போகிற ஒன்று.

ஐடிவியையும், அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பையும், கவனியுங்கள். பிரீமியம் குறைய வேண்டும் என்று அதைக் குறைத்துப் போட்டால் வண்டி மொத்தமாகப் போகும்போது அந்தக் குறைந்த தொகைதான் கைக்கு வரும். ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ், வண்டி மொத்தமாகப் போனதாகவே கணக்கு. எங்கள் எஸ்டிமேட் அதற்குள் நின்றதால் வண்டி பிழைத்தது.

2024 பிப்ரவரியில் தேர்ட் பார்ட்டியும் முடிந்ததால் முழுப் பாலிசியாகவே போட்டோம். க்ளெய்ம் வாங்கியதால் போனஸ் பூஜ்ஜியமாகிவிட்டது, இல்லாவிட்டால் 35 சதவீதம் கிடைத்திருக்கும். சின்னக் கீறலுக்கெல்லாம் க்ளெய்ம் போடலாமா என்று கணக்குப் பார்க்கும்போது இந்த 35-ஐயும் சேர்த்துப் பாருங்கள். ஜீரோ டெப், என்ஜின் ப்ரொடெக்ட், கன்சூமபிள்ஸ், டிரைவர் வரி நான்கும் போட்டு, பாலிசி வந்ததும் மாமாவும் நானும் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் எதிரே தொகை இருக்கிறதா என்று டிக் அடித்தோம். கீழ்வீட்டு அண்ணன் ஓன் டேமேஜ் திரும்பப் போடப் போனபோது, இடைவெளி விழுந்துவிட்டதால் ஆள் வந்து வண்டியைப் பார்த்து போட்டோ எடுத்த பிறகுதான் தருவோம் என்றார்கள், 90 நாள் தாண்டியதால் போனஸும் கிடையாது. ரிப்பேர் முழுக்க அவர் கைக்காசில் முடியும்வரை அந்த இன்ஸ்பெக்‌ஷனையும் தள்ளிப்போட வேண்டியதாயிற்று.